பன்னிரண்டு ஆண்டுகளில் பாதி அகராதி: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 51. கண்மாய்ப் பாசனத்தில் புழங்கும் சொற்களையெல்லாம் திரட்டி ஓர் அகராதி ஆக்க வேண்டும் என்று 12 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கினேன். நீர்பாய்ச்சிகள், மடை திறப்பவர்கள், கரைக் காவல் பார்த்தவர்கள், மீன் குத்தகை எடுத்தவர்கள் எனப் பலரிடம் கேட்டு எழுதியதில் ஏறத்தாழ 6,000 சீட்டுகள் சேர்ந்துள்ளன. அவற்றை அகர வரிசைப்படி எடுத்துப் பதிவுகளாக எழுதிவருகிறேன். இப்போதுதான் 'த' வரிசைக்கு வந்திருக்கிறேன். தொடக்கத்தில் எனக்குச் சொல் தந்த பெரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பட்டம் இல்லாத ஒருவர் தொகுத்த அகராதியை யார் ஏற்பார்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். விடுமுறையும் பணமும் இதற்கே போகின்றனவே, இது யாருக்காக என்று என் மனைவி கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. நான் செய்வது விடாமுயற்சியா, வெறும் பிடிவாதமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தொடரலாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது செய்துவரும் முறையில் தொடர வேண்டாம். அகராதிப் பதிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, 12 ஆண்டுகள் என்ற கணக்கு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 'த' வரிசைக்கு வந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் காலக் கணக்கைப் பேசிவிடுவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கான பணி 1913இல் தொடங்கியபோது ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். முதல் பகுதி அச்சாகி வெளிவந்ததே 1924இல். ஆறு தொகுதிகளும் நிறைவடைய 1936 ஆயிற்று. அதன் பிறகும் விடுபட்ட சொற்களுக்காக 1939இல் ஓர் அனுபந்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு ஜேம்ஸ் மரே 1879இல் பதிப்பாசிரியராக ஒப்பந்தமானபோது பத்தாண்டு கெடு வைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து 1884இல் வந்த முதல் பகுதி 'ஏ' என்ற முதல் எழுத்தைக்கூட முடிக்கவில்லை. முழு அகராதி 1928இல்தான் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 1921இல் தொடங்கிய அசீரிய அகராதி 2011இல் நிறைவு பெற்றது. புனேயின் டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதியோ முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னும் அகரத்தில் தொடங்கும் சொற்களைவிட்டு வெளியே வரவில்லை. இந்தத் துறையில் கெடு என்பது பெரும்பாலும் பணம் கொடுப்பவரைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லப்படுவது. எனவே தனியொருவராக, பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டு, 12 ஆண்டுகளில் 6,000 சீட்டுகள் சேர்த்திருக்கும் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளை ஆறுதலுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள். அவற்றின் பின்னால் பல்கலைக்கழகமோ அரசோ இருந்தது. ஆசிரியர் ஒருவர் விலகினால் இன்னொருவரை அமர்த்தும் வசதி இருந்தது. தமிழ்ப் பேரகராதியைத் தொடங்கியவர் ஜே.எஸ். சாண்ட்லர், முடித்தவர் 1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளை. ஒரே மனிதர் தொடக்கம் முதல் இறுதிவரை தாங்கி நின்ற வேலையாக இவற்றைப் பார்ப்பது தவறு. நீண்ட வேலைகளைப் பற்றிப் பேசும்போது நாம் மன உறுதியைத்தான் அதிகம் புகழ்கிறோம். என் அனுபவத்தில், இருபது முப்பது ஆண்டுகள் நீளும் வேலையை மன உறுதியை மட்டும் நம்பி நடத்த முடியாது. உடல்நலம் கெடும், வீட்டில் கல்யாணம் காட்சி வரும், பணிமாற்றம் வரும், ஆர்வமே வற்றிப்போகும் ஆண்டுகளும் வரும். அத்தகைய ஆண்டுகளையும் தாங்கி நிற்கும்படி வேலை அடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆக்ஸ்போர்டு அகராதியின் வரலாற்றிலேயே நல்லதும் கெட்டதுமாக இரண்டு சான்றுகள் உள்ளன. மரே வருவதற்கு முன்பே இருபது ஆண்டுக் காலம் அந்த வேலை நடந்திருந்தது. முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் தம் முப்பதாம் வயதில் இறந்துபோனார். அடுத்து வந்த ஃபர்னிவல் ஆர்வத்தில் குறையில்லாதவர், ஆனால் ஒழுங்கில் குறையுள்ளவர். தன்னார்வலர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளை எழுத்து வாரியாக ஆங்காங்கே உதவி ஆசிரியர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு, யாரிடம் எது இருக்கிறது என்பதையே காலப்போக்கில் விட்டுவிட்டார். மரே பொறுப்பேற்றபோது ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி ஒன்று குட்டிகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. 'எச்' எழுத்துக்கான சீட்டுகள் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இருப்பது தெரியவந்தது. 'பிஏ' (Pa) என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகளைத் தேடிப்போனால், அவை அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தன. பெரும்பகுதி அடுப்பு மூட்டுவதற்குப் பயன்பட்டுத் தீர்ந்திருந்தது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உண்மையான ஈடுபாட்டோடு செய்த உழைப்பு அது.

மரே செய்த முதல் வேலை, தம் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடக்குழிகள் கொண்ட அடுக்கு அமைத்து, எல்லாச் சீட்டுகளும் ஒரே அளவில் ஒரே முறையில் எழுதப்பட வேண்டும் என்று விதித்ததுதான். அவர் 1915இல் இறந்தபோது அவர் எழுதிவந்த பகுதி 'டி' (T) எழுத்தில் நின்றது. ஆனால் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அந்தக் கொட்டகைக்குள் நுழையும் எந்தத் தகுதியுள்ள ஆசிரியரும் அடுத்த சீட்டை எடுத்து எழுதத் தொடங்கும் நிலையில் அது இருந்தது. உடன் பதிப்பாசிரியர்களான கிரேகியும் ஆனியன்ஸும் அதை முடித்தார்கள். மரேயின் விடாமுயற்சியைப் பற்றி என்னிடம் கேட்டால், அவர் 36 ஆண்டு உழைத்தார் என்பதைவிட, தாம் இல்லாவிட்டாலும் நடக்கும்படி அதை அமைத்தார் என்பதையே முதலில் சொல்வேன்.

இப்போது உங்கள் 'த' வரிசைக்கு வருகிறேன். நாளையே ஏதோ காரணத்தால் இந்த வேலை நின்றுவிட்டால் உங்களிடம் எஞ்சுவது என்ன? 'அ' முதல் 'த' வரையிலான பாதி அகராதி. அதில் கழுங்கு (மிகுநீர் வழிந்தோடும் அமைப்பு) இருக்கும், மடை இருக்காது. கரை இருக்கும், வாய்க்கால் இருக்காது. அதை எவரும் அச்சிடவும் மாட்டார், பயன்படுத்தவும் முடியாது. அகர வரிசை என்பது வாசகர் தேடுவதற்கு வசதியான வரிசையே தவிர, தொகுப்பவர் வேலை செய்வதற்கு ஏற்ற வரிசை அன்று. பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்தன, ஏனென்றால் கடைசி எழுத்துவரை வேலை நடக்கும் என்று அவர்களால் உறுதி சொல்ல முடிந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த உறுதி கிடையாது.

ஆகவே சீட்டுகளை முழுவதும் கலைத்து, தொழிலின் பகுதிகள் வாரியாக அடுக்குங்கள்: கரையும் அதன் காவலும், மடையும் தூம்பும் (கரைக்கடியில் நீரை வெளியே விடும் அமைப்பு), கழுங்கும் மறுகாலும் (மிகுநீர் ஓடும் கால்வாய்), நீர்ப் பங்கீடு, வண்டலும் கரம்பையும், மீன்பிடி, மராமத்து, கண்மாய் சார்ந்த வழிபாடு என்று எட்டு அல்லது ஒன்பது பகுதிகள் வரும். ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதற்குள் அகர வரிசைப்படுத்தி, முன்னுரையும் படங்களும் சேர்த்து முழுமையாக முடியுங்கள். அதன் பிறகே அடுத்த பகுதியைத் தொடுங்கள். மடையைப் பற்றிய 400 சொற்கள் கொண்ட ஒரு சிறு நூல், மற்றப் பகுதிகள் வராமலே போனாலும் முழு நூல்தான். குமிழித் தூம்பின் நீரோடித் துளை எது, சேறோடித் துளை எது என்பதைப் படம் போட்டுக் காட்டி, அதை இயக்கியவர் வாய்மொழியிலேயே விளக்கும் நூலொன்று கிடைத்தால் நான் உடனே வாங்குவேன். நான் மட்டுமல்ல, தூர்ந்துபோன மடையைத் திருத்தப்போகும் பொறியாளரும் வாங்குவார்.

சீட்டுகளைக் கலைக்கும்போதே இன்னொன்றையும் சரிபாருங்கள். சொல், ஒலிப்பு, பொருள், அந்தச் சொல் வந்த முழு வாக்கியம், ஊர், கண்மாயின் பெயர், சொன்னவரின் வயதும் தொழிலும், கேட்ட நாள் ஆகியவை ஒவ்வொரு சீட்டிலும் இருக்கின்றனவா? ஒலிப்பதிவு இருந்தால் அதன் எண்ணும் வேண்டும். தொடக்க ஆண்டுகளின் சீட்டுகளில் வெறும் சொல்லும் பொருளும் மட்டுமே இருக்கக்கூடும். தனியாகத் தொகுக்கத் தொடங்குபவர்கள் எல்லோருடைய முதற்சீட்டுகளும் அப்படித்தான் இருக்கும். நினைவில் இருக்கும்வரை அவற்றை இப்போதே நிரப்புங்கள். நிரப்ப முடியாதவற்றை ஒரு தனிப் பெட்டியில் ஒதுக்கி, வேறொருவர் வாயிலிருந்து அதே சொல் வந்தால் மட்டும் வெளியே எடுங்கள்.

முதியவர்கள் மறைந்துபோவது பற்றி நீங்கள் எழுதியது மனத்தை உறுத்துகிறது. ஆனால் அதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போதைக்கு எழுதும் வேலையைக் குறைத்து, கேட்கும் வேலையைக் கூட்டுங்கள். எழுதுவதை உங்கள் பணி ஓய்வுக்குப் பிறகும் செய்யலாம், கேட்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது. 75 வயதைக் கடந்த தகவலாளிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, பகுதி எதுவாயினும் அவர்களை முதலில் பாருங்கள். பருவத்தையும் பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகும்போது நீர்பாய்ச்சிக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது, சித்திரை, வைகாசியில் உள்வாய் வறண்டு கிடக்கும்போது அவரே உங்களை மடைக்குழிவரை அழைத்துப்போய்க் கைகாட்டிச் சொல்வார். பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. பெண்களிடமும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்ட தகவலாளிகள் யாவரும் ஆண்கள் செய்யும் தொழில்களைச் சேர்ந்தவர்களாகவே தெரிகிறது. நடவிலும் களையெடுப்பிலும் வரப்போரத் தண்ணீரின் அளவைக் கண்ணால் கணிப்பவர்கள் பெண்கள். வற்றிய கண்மாயில் கையால் மீன் தடவிப் பிடிப்பவர்களிலும் அவர்கள் பலர். அந்தச் சொற்கள் உங்கள் 6,000க்குள் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஜேம்ஸ் மரே 14 வயதில் பள்ளியைவிட்டு நின்றவர். ஆசிரியராகவும் வங்கி எழுத்தராகவும் பிழைத்தவர். அகராதிப் பொறுப்பை ஏற்ற பிறகும் 1885 வரை பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். ஆயினும் பேராசிரியரின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒருவர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்று சொன்னால், அதை எதை வைத்து நம்புவது? அதற்கான விடை உங்கள் சீட்டில் இருக்க வேண்டும். ஊரும் ஆளும் நாளும் வாக்கியமும் இருக்கும் பதிவை மறுக்க விரும்புபவர், அந்த ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் மறுக்க முடியும். முடித்த முதல் பகுதியை அச்சுக்குக் கொடுக்கும் முன், வேறு வட்டாரத்து நீர்பாய்ச்சி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மொழியியல் படித்த ஒருவரிடமும் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். உங்களைக் கேள்வி கேட்ட அதே பேராசிரியரிடமே கொடுக்கலாம் என்பது என் யோசனை.

உங்கள் துணைவியார் கேட்டதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. இந்த வேலை யாருக்குப் பயன்படும் என்பது ஒன்று. இதற்காக வீடு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பொதுவாகத் தமிழுக்கு, வருங்காலத்துக்கு என்று சொல்லிப் பயனில்லை. அப்படிப்பட்ட பதில்கள் அலுப்புத் தட்டும் நாளில் உங்களையே எழுப்பி உட்கார வைக்காது. முகம் தெரிந்த ஒரு பயனாளரைத் தேடிப்பிடியுங்கள். 2017இல் தமிழக அரசு குடிமராமத்துப் பணிகளை மீண்டும் தொடங்கியபோது, எத்தனையோ ஊர்களில் கரையையும் வரத்துக்கால்களையும் சீர்செய்யும் வேலை நடந்தது. அத்தகைய வேலையைப் பொறுப்பேற்கும் பாசன சங்கத் தலைவர் ஒருவருக்கு, பழைய முறைப்பங்கீட்டைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசுவது விளங்க வேண்டும். பழைய வருவாய் ஆவணங்களைப் படிக்கும் ஆய்வு மாணவிக்கு அதே சொற்கள் வேறு வகையில் தேவைப்படும். இருவரில் ஒருவரிடம் உங்கள் சீட்டுகளில் ஐம்பதைக் காட்டி, எது புரிகிறது, எது போதவில்லை என்று கேளுங்கள். யாருக்காக என்ற கேள்விக்கு அன்றைக்கே ஓரளவு விடை கிடைத்துவிடும். பதிவுகளை எப்படி எழுத வேண்டும் என்பதும் மாறும்.

இரண்டாவது கேள்விக்கு விடை உங்களிடம் மட்டும் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு பணம், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், கோடை விடுமுறையில் இத்தனை நாள் என்று ஒரு வரம்பைத் துணைவியாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், அந்த வரம்பை மீறாதீர்கள். மரேயின் பதினொரு பிள்ளைகளும் சிறு வயதில் காசுக்குச் சீட்டு அடுக்கினார்கள் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மையார் ஆடாவின் நாள்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

விடாமுயற்சியா, பிடிவாதமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது எளிதன்று. ஆனால் உள்ளிருப்பவருக்குச் சில அடையாளங்கள் தெரியும். இதுவரை 12 ஆண்டுகள் போட்டாயிற்றே என்பது மட்டுமே தொடர்வதற்கான காரணமாக இருந்தால், அது காரணமே ஆகாது; போன ஆண்டுகள் நிறுத்தினாலும் திரும்பி வரப்போவதில்லை, தொடர்ந்தாலும் வரப்போவதில்லை. புதிதாக ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லும்போது அதைக் குறித்துக்கொள்ள இன்னும் கை பரபரக்கிறதா, முன்பு எழுதிய விளக்கம் தவறென்று ஒருவர் காட்டினால் திருத்த மனம் வருகிறதா என்று பாருங்கள். இவை இருக்கும்வரை கவலைப்பட வேண்டாம். இரண்டு கோடைகள் தொடர்ந்து களத்துக்கே போகாமல் பழைய சீட்டுகளை அடுக்கிக் கலைத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு வகை நிறுத்தமும் உண்டு. ஒரு வட்டாரத்தில் அடுத்தடுத்துப் பத்து ஊர்களில் கேட்டும் மடையைப் பற்றிப் புதிய சொல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பகுதியில் திரட்டும் வேலை முடிந்துவிட்டது. ஆர்வம் மிகுந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் பதினோராவது ஊருக்கும் போவார்கள்; நூல் வராமல் போவதற்கு சோம்பலைவிட இதுவே பல நேரங்களில் காரணமாக இருக்கக் கண்டிருக்கிறேன்.

ஒருவேளை நிறுத்தத்தான் வேண்டும் என்று முடிவானால் சீட்டுகளைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வின்சுலோவின் பெயரால் நாம் அறிந்த தமிழ்-ஆங்கில அகராதிக்கு யாழ்ப்பாணத்தில் சொல் திரட்டத் தொடங்கியவர் ஜோசப் நைட். அவர் வேலை முடியும் முன்பே இறந்துபோனார். அவர் தொகுத்த தாள்கள் பல கை மாறி, மிரோன் வின்சுலோவிடம் வந்து, 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு சென்னையில் அச்சாயின. பின்னாளில் தமிழ்ப் பேரகராதிக்கும் அதுவே அடித்தளம் ஆயிற்று. உங்கள் மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பிறகு சிதறிவிடாமல், 1994 முதல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கிவருகின்றன. அப்படி ஓர் இடத்தில் முறையாக ஒப்படைக்கக்கூடிய நிலையில் உங்கள் சீட்டுகள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், தொடர்ந்தாலும் நிறுத்தினாலும், முன்னே சொன்ன விவரங்களை நிரப்பிவிடச் சொல்கிறேன். சீட்டுகள் அனைத்தையும் படமெடுத்து வைப்பதையும் இந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள். மழை ஒழுகும் வீட்டையும் கரையானையும் நம்ப முடியாது; மின்படிகள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கட்டும்.

எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் மடையைச் சொல்வேன். சொற்கள் அதில்தான் செறிவாக இருக்கும்; கருங்கல் தூம்புகளுக்குப் பதிலாகத் திருகு அடைப்பான்கள் வந்துவிட்ட கண்மாய்களில் முதலில் வழக்கொழிவதும் அந்தச் சொற்களே. வரும் கோடை விடுமுறைக்குள் மடைச் சீட்டுகளை மட்டும் பிரித்து, விவரம் குறைந்தவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் அந்தக் குறிப்போடு பெரியவர்களைப் பார்த்துவிட்டு வந்து, முதல் நூறு பதிவுகளை எழுதி, இந்தக் கேள்வி-பதில் பகுதியின் முகவரிக்கே அனுப்புங்கள். திருத்தங்களை ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.